ரப்பர் புழுவின் பதம்

பாலாக இருப்பது பாகாக மாறும் நேரத்தில் புழுக்காரி யாரோடும் பேசமாட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. ஜன்னல் இரண்டும் திறந்திருக்கும். மூலையில் ஒரு காற்றாடி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு சுற்றும். மூக்கையும் வாயையும் முகமூடிக்குள் மறைத்துக்கொண்டு, மின்னடுப்பின்மேல் இருக்கும் சின்னப் பாத்திரத்தை அவள் கிளறிக்கொண்டிருப்பாள். வெள்ளை வெளேரென்ற அந்தப் பிளாஸ்டிக் திரவம் சூடேறும்போது முதலில் கட்டிதட்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள், ஐயோ திரிந்துவிட்டது என்பார்கள். விடாமல் கிளறினால் கட்டி கரைந்து, கண்ணாடியாகத் தெளிந்து, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும். நூல் அறாமல் இறங்குகிற அந்தக் கணம்தான் பதம். முந்தினால் புழு விறைத்து நிற்கும். பிந்தினால் மஞ்சளாய்க் கருகித் தெருவே மூக்கைப் பொத்தும்.

பதம் வந்ததும் நிறம், மினுக்குத் தூள், கொஞ்சம் உப்பு, இரண்டு சொட்டு பூண்டு எண்ணெய். "மீனுக்கு மூக்கு இருக்கோ இல்லையோ, வாங்க வர்றவங்களுக்கு இருக்குல்ல" என்பாள். பிறகு அலுமினிய அச்சில் ஊற்ற வேண்டும். ஆறியதும் அச்சைப் பிரித்தால் வால் சுருண்ட ரப்பர் புழுக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். வால் நசுங்காமல் ஒவ்வொன்றையும் எடுத்துத் தண்ணீர்த் தட்டில் நீட்டிப் போடுவாள்.

ஊரை ஒட்டிய ஏரி முக்கால்வாசி பாசியும் அல்லி இலையும்தான். அதற்கடியில் நிழல் காய்ந்துகொண்டு கிடக்கும் பாஸ் மீனைப் பிடிக்கத்தான் வாரக் கடைசியில் வெளியூர்க்காரர்கள் காரெடுத்து வருவார்கள். பச்சை முதுகும் வாளி வாயும் உள்ள மீன். சாதாரணத் தூண்டில் முள்ளை அந்தத் தண்ணீரில் போட்டால் மீன் வராது, கூடை பாசி வரும். அதனால் முள்ளின் முனையை ரப்பர் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். புழு பாசிமேல் நழுவி, இலைமேல் ஊர்ந்து, எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே இறங்கும். மீன் கவ்வியதும் சுண்டி இழுத்தால் முனை ரப்பரைக் கிழித்துக்கொண்டு மீன் வாயில் ஏறும். புழு கெட்டியாக இருந்தால் முனை வெளியே வராது. இளகலாக இருந்தால் பாசியே புழுவைப் பிடுங்கிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையில்தான் புழுக்காரியின் பிழைப்பு நடந்தது. பெயரும் அங்கிருந்துதான் வந்தது.

அவள் புருஷன் படகுக்காரர். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப்போய் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவது அவர் தொழில். அவர்களுக்கு மீன் விழாவிட்டால் தானே ஒன்றைப் பிடித்துக் காட்டி மானத்தைக் காப்பாற்றுவார். அவருக்கு விரலில் காது என்று ஊரில் சொல்வார்கள். தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரல்மேல் தளர்வாகப் போட்டுக்கொண்டு, வருகிற ஆளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். கண் அடுத்து வீச வேண்டிய இடத்தைத் தேடும். விரல் வீசிய இடத்தைப் பார்த்துக்கொள்ளும். பாசி இழுப்பது வேறு, கட்டை இடிப்பது வேறு, மீன் வாயைத் திறந்து உறிஞ்சுவது வேறு. பேச்சின் நடுவே சட்டென்று கோல் வளையும்.

அப்படிப்பட்டவர் பனிக்காலம் முடிந்ததிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்.

அன்றும் மத்தியானம் வந்து கொட்டகை வாசலில் தூண்டில் பெட்டியைத் தொப்பென்று வைத்தார். அவள் பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடிக்கும் வரை அவரும் பேசவில்லை. அவ்வளவு மரியாதை இருவருக்கும் நடுவில் இருந்தது.

"இன்னைக்கும் கெட்டிதான்" என்றார்.

முகமூடியை இறக்கிவிட்டு அவள் கேட்டாள். "இன்னுமா? போன வாரமே இளக்கு எண்ணெய் கூட ஊத்தினேனே."

"நீ ஊத்தின, அது இளகல. மீன் கடிக்குது, முள்ளு வெளிய வரமாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"படகுல பல் டாக்டர் வந்தாரே, அவருக்கு?"

"அவருக்கு ரெண்டு. எனக்குத்தான் இல்ல."

"அதே புழுவா?"

படகுக்காரர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். "அவருக்கு அதிர்ஷ்டம். பல் பிடுங்குற கை, எதையும் பிடுங்கிடும்."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த பாத்திரத்துக்கு அளந்து வைத்திருந்த திரவத்தில் இளக்கு எண்ணெயை இன்னும் ஒரு மூடி ஊற்றினாள். ஊற்றும்போது கை ஒரு நொடி தயங்கியது. புருஷன் தண்ணீரில் நிற்கிறவர், தான் கொட்டகையில் நிற்கிறவள். கடிக்கிற மீனைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்று எண்ணிக்கொண்டு கிளறத் தொடங்கினாள்.

ஏரிக்கரைத் தெருவில் சலவைக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவள் தம்பியின் தூண்டில் கடை. உள்ளே சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிகளில் பாக்கெட்டுகள். கல்லாவுக்கு நேர் எதிரே, கண்ணில் படுகிற சுவர் அக்காவுடையது. அந்த வாரத்துச் சரக்கைக் கொண்டுபோனபோது தம்பி பையை வாங்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து அவள் முன்னால் வைத்தான். பிரித்த பாக்கெட்டுகள்.

"அக்கா, கோவிச்சுக்காத. எல்லாம் திரும்பி வந்தது."

"ஏன்டா?"

"தொட்டா பிஞ்சுக்குது. பாசியில ஒரு இழுப்பு இழுத்தா முள்ளு மட்டும் வருது, புழு அங்கயே பாய் விரிச்சுப் படுத்துக்குது. நேத்து ஒருத்தர் கேக்கறார், உங்க அக்கா புழு செய்றாங்களா, அல்வா செய்றாங்களான்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. "உன் மாமா கெட்டியா இருக்குன்னு சொல்றார்டா."

"கெட்டியா? இதுவா?" ஒரு புழுவை எடுத்து இரண்டு விரலால் இழுத்தான். சத்தமில்லாமல் இரண்டானது. "மாமா சொல்றதைக் கேட்டுக் கேட்டு இளக்கினியா?"

"அவர் ஏரியில நிக்கறவரு."

"மத்தவங்க மட்டும் என்ன மொட்டை மாடியிலயா மீன் பிடிக்கறாங்க?" கொஞ்சம் குரலைத் தணித்தான். "புழு விக்கற கம்பெனிக்காரன் இந்தச் சுவரைக் கேக்கறான். சனிக்கிழமை சரக்கு இறக்கறானாம். இதுவரைக்கும் அக்கா சரக்கு இருக்குன்னு சொல்லித் தள்ளிட்டு வந்தேன். இப்ப என்னத்தைச் சொல்லட்டும்?"

"நீ எனக்குத் தம்பியா, கம்பெனிக்குத் தம்பியா?"

"கடை திறந்திருக்கும்போது கடைக்காரன். ஷட்டர் இறக்கினப்புறம் தம்பி."

"அப்போ ஷட்டர் இறக்கினப்புறம் வீட்டுக்கு வந்துடாத. சோறு கிடையாது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தெருவெல்லாம் வெயில். காற்று நின்று, ஏரிப்பக்கமிருந்து அழுகிய பாசி வாடை அசையாமல் வந்து கவிந்தது. வீட்டில் மேசைமேல் பழைய புழு, புதுப் புழு, அதற்கும் புதுப் புழு என்று பரப்பிவைத்து ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். ஒரு முறை எல்லாமே கெட்டியாகத் தோன்றியது. மறுமுறை எல்லாமே இளகலாகத் தோன்றியது. சமையலில் உப்பு இருக்கிறதா என்று அடுத்தவரைக் கேட்டுக் கேட்டுத் தன் நாக்கை மறந்துபோன சமையல்காரி மாதிரி ஆகிவிட்டோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு பயமாக இருந்தது. இத்தனை காலம் கையளவுதான் கணக்கு, கண்ணளவுதான் தராசு. அதுவே போய்விட்டால் அப்புறம் தன்னிடம் என்னதான் இருக்கிறது?

படகுக்காரர் வந்ததும் சொன்னாள். "நாளைக்கு நானும் படகுக்கு வர்றேன்."

"நீயா? எதுக்கு?"

"என் புழு தண்ணியில என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

"அதெல்லாம் வேணாம். படகு தாங்காது."

"ரெண்டு தடிப்பசங்களை ஏத்திட்டுப் போறீங்க, தாங்குது. நான் என்ன நங்கூரமா?"



காலையில் மேகம் போட்டிருந்தது. பாஸ் மீன் பிடிக்க அருமையான வானம். கரையோரம் படகு அல்லி இலைகளை உரசிக்கொண்டு போனது. இலைகளின் அடிப்பக்கம் திரும்பியபோது சிவப்பாகத் தெரிந்தது. பாசித் திட்டுகளின் நடுவே ஆங்காங்கே தட்டளவு, வாசலளவு கறுத்த தண்ணீர். துடுப்பை நிறுத்தியதும் அப்படியொரு அமைதி. இத்தனை வருஷம் இந்த ஏரிக்காகவே புழு வார்த்திருக்கிறாள், அதன் நடுவில் வந்து உட்கார்ந்ததில்லை. அடுப்பை விட்டு வர நேரம் இருந்ததில்லை.

படகின் முன்பக்கம் தாழ்வாக உட்கார்ந்து, அவள் மடியில் இரண்டு டப்பாக்களை வைத்திருந்தாள். ஒன்றில் பனிக்காலத்துக்கு முன்னால் வார்த்த பழைய புழு. மற்றதில் தம்பி திருப்பித் தந்தது. இரண்டும் ஒரே பச்சை. எதில் எது என்று அவரிடம் சொல்லவில்லை.

இளகலை முதலில் கொடுத்தாள். "இது எப்படி?"

விரலில் உருட்டினார். "கெட்டி."

பழையதைக் கொடுத்தாள். "இது?"

"இது பரவாயில்ல."

மறுபடி இளகல். "இதுதான் சரி" என்றார்.

அவளுக்குக் காதில் சூடு ஏறியது. வேண்டுமென்றே சொல்கிறாரா? புழுவைப் பற்றிப் பேசுகிற பேச்சே இல்லையே இது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். வந்தது பார்ப்பதற்கு. பார்த்துவிட்டுப் பேசுவோம்.

பழைய புழுவில் முள்ளைக் கோத்து அவர் வீசினார். வீச்சு அழகாக இருந்தது. புழு ஓர் இலைமேல் சத்தமில்லாமல் விழுந்து, ஊர்ந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று, கறுத்த தண்ணீருக்குள் வழுக்கியது. அவர் நரம்பை விரல்மேல் போட்டுக்கொண்டு அடுத்த இடுக்கைத் தேடினார். அவள் நரம்பை மட்டும் பார்த்தாள்.

நரம்பு ஒரு துடி துடித்தது. காற்று இல்லை. பிறகு மெல்ல, யாரோ தண்ணீருக்கடியில் கைபிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல, இடதுபக்கம் நகர்ந்தது. அவர் இன்னும் வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க... நரம்பு போகுது பாருங்க. இழுங்க!"

சுண்டினார். கோல் பாதி வளைந்து நிமிர்ந்தது. நரம்பைச் சுற்றி எடுத்தபோது புழு வந்தது, மீன் இல்லை.

"பாசி" என்றார்.

அவள் எட்டிப் புழுவைப் பிடித்தாள். உடம்பு முழுக்க உப்புத்தாளால் தேய்த்ததுபோல் சன்னமான கீறல்கள். "பாசிக்குப் பல்லு இருக்கா?"

அவர் கோலின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சுட்டுப் போச்சு. ரொம்ப தூரம் போச்சு. சலிச்சுப்போய்த் துப்பிட்டுப் போயிடுச்சு. உங்க விரலுக்குத் தெரியலையா?"

"வெளிச்சம் சரியில்ல."

"விரலுக்கு எதுக்குங்க வெளிச்சம்?"

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படகுக்காரர் கோலைக் கிடத்திவிட்டு வலது கையைத் தொடைமேல் வைத்து, அடுத்த வீட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பனிக்காலத்துல ஆரம்பிச்சுது" என்றார். "மரத்துப்போன மாதிரி. குளிருதுன்னு நெனச்சேன். வெயில் வந்தா சரியாயிடும்னு பார்த்தேன். வெயிலும் வந்துச்சு."

"டாக்டர்கிட்ட போகலாம்ல?"

"போனா அதுக்கு ஒரு பேர் வச்சிடுவாரு. பேர் வச்சுட்டா அப்புறம் அது நம்ம வீட்டுலயே தங்கிடும்."

"அதனால என் புழுவுக்குப் பேர் வச்சீங்களா?"

அவர் தலை குனிந்தது. "ஒரு தடவதான் சொன்னேன். வாய் தவறின மாதிரிதான் வந்துச்சு. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மறுநாளே மாத்தி ஊத்திக் கொண்டாந்து குடுத்துட்ட. அப்புறம் எப்படிச் சொல்ல, புழு இல்ல, என் விரல்தான்னு? அடுத்த நாளும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

"நான் நம்பினது தப்பா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்றீங்க." அவள் குரல் உயரவில்லை. "விரல் மரத்துப்போச்சுன்னு வந்து சொல்லியிருந்தா உக்காந்து அழுதிருப்பேன். அப்புறம் எழுந்து, என்ன பண்ணலாம்னு பாத்திருப்பேன். உங்க விரல் மரத்துச்சு, சரி. என் விரலை எதுக்கு மரக்க வச்சீங்க? நேத்து அத்தனை புழுவையும் பரப்பி வச்சு நசுக்கறேன், எது சரின்னு எனக்கே தெரியல. எனக்கே!"

தூரத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை கடைக்கு வாங்க" என்றாள். "தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க."

"சொன்னா எவன் என் படகுல ஏறுவான்?"

"சொல்லலேன்னா எவன் என் புழுவை வாங்குவான்?"

 கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் அவித்த முட்டையும் பைக்குள் கிடந்தன. பசி யாருக்காகவும் காத்திருக்காது. அவர் ஒரு முட்டையை எடுத்து உரித்தார். ஓடு துண்டு துண்டாக வெள்ளையில் ஒட்டிக்கொண்டு நின்றது, விரல் அதன்மேல் தடவிக்கொண்டே போனது. அவள் அதைப் பிடுங்கி, உரித்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அவரும் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் அவள் கொட்டகையை விட்டு வரவில்லை. பழைய அளவில் வார்த்தாள். கையை நம்பாமல் முதல் பாத்திரம் வீணானது. இரண்டாவதில் நூல் அறாமல் இறங்கியபோதும், சரிதானா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று ஊற்றினாள்.

சனிக்கிழமை கடையில் கம்பெனிப் பெட்டிகள் வந்திறங்கியிருந்தன. பல் டாக்டர் ஈயக் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் படகுக்காரரின் படகில் போகிறவர் அவர். இவர்களைப் பார்த்ததும், "வாங்கண்ணே, நாளைக்கு அதே வடக்கு மூலைதானே?" என்றார்.

"பாக்கலாம் டாக்டர்" என்றார் படகுக்காரர்.

புழுக்காரி புதுப் பாக்கெட்டைக் கல்லாமேல் வைத்தாள். தம்பி ஒரு புழுவை எடுத்து இழுத்தான். நீண்டது, விட்டதும் பழையபடி சுருங்கியது. மறுபடி இழுத்தான். "இது பழைய புழு மாதிரி இருக்கேக்கா. இடையில என்னதான் ஆச்சு?"

"உன் மாமாவைக் கேளு."

தம்பி மாமாவைப் பார்த்தான். படகுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து மாப்ள... இந்த வருஷம் தண்ணி சூடு ஜாஸ்தி. பாசியும் வேற மாதிரி. ஒவ்வொரு பாசிக்கு ஒவ்வொரு..." பேச்சு அங்கேயே சுற்றியது. பாசியிலிருந்து மழைக்குப் போனது, மழையிலிருந்து மதகுக்குப் போனது.

தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான். "அக்கா, ஒரு நடை சரியா வந்துச்சு. அடுத்த நடை மறுபடி அல்வாவா வராதுன்னு என்ன நிச்சயம்? நான் வர்றவங்களுக்குப் பதில் சொல்லணும்ல."

அவள் எதிர்ச்சுவருக்குப் போய், கொக்கியில் மிச்சமிருந்த தன் பாக்கெட்டுகளைக் கழற்றிப் பைக்குள் போடத் தொடங்கினாள். நிதானமாக, ஒன்றொன்றாக. பிளாஸ்டிக் உறைகள் சலசலத்தன. மேல் வரிசை முடிந்தது. நடு வரிசை முடிந்தது. வெறுங்கொக்கிகள் சுவரில் பல்லிளித்துக்கொண்டு நின்றன. அவள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாப்ள" என்றார் படகுக்காரர். "புழுவுல எப்பவுமே குத்தம் இல்ல. என் விரல்ல உணர்ச்சி இல்ல. மீன் கடிக்கறது எனக்குத் தெரியல. நான்தான் கெட்டி கெட்டின்னு பொய் சொன்னேன், அவ நம்பி இளக்கினா."

 தம்பி சிரித்தான். கேலியாக அல்ல, பாசமாக.

"மாமா, மாமா. அக்காவைக் காப்பாத்தறீங்க, புரியுது. அதுக்காக உங்க விரலையே பலி குடுப்பீங்களா?"

பல் டாக்டரும் சிரித்தார். "என் வீட்டுல நான் பாத்திரம் தேய்க்கறதுக்கே முதுகு வலின்னு சொல்றவன். அண்ணே, நீங்க எங்கயோ போயிட்டீங்க. விரல்ல காது இருக்குற ஆளு நீங்க!"

"நிஜமாத்தான் சொல்றேன் டாக்டர்."

"சரிண்ணே, சரிண்ணே."

"டேய்!" என்றார் படகுக்காரர். சொல்ல மூச்சுமுட்டிச் சொன்ன உண்மையை நல்ல மனுஷனின் பொய்யாக்கி முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். அவர் முகத்தில் கோபமும் திகைப்பும் ஏறின. திரும்பிப் புழுக்காரியைப் பார்த்தார். அவள் கை கடைசி வரிசையில் நின்றிருந்தது. இப்போது விட்டுவிடலாம். சிரிப்போடு சிரிப்பாகத் தானும் சிரித்துவிட்டால் படகு பிழைத்தது. அது அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது என்பது அவளுக்கும் தெரிந்தது.

படகுக்காரர் போய்க் கல்லாமேல் வலது கையை நீட்டி வைத்தார், உள்ளங்கை மேலே பார்க்க. "நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க தொடுங்க டாக்டர். எந்த விரல்னு சொல்றேன்."

"எதுக்குண்ணே இதெல்லாம்..."

"தொடுங்க."

கண்களை இறுக மூடிக்கொண்டார். பல் டாக்டர் சிரிப்பு மாறாமல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் முனையால் ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டார். படகுக்காரர் முகம் அசையவில்லை. டாக்டர் கொஞ்சம் அழுத்தினார். சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. பேனாவை உள்ளே வைத்துவிட்டு, தட்டிலிருந்த தூண்டில் முள் ஒன்றை எடுத்து, அதன் முனையை நடுவிரலில் வைத்தார். தோல் குழிந்து வெளுத்தது. அடுத்து மறுபடி ஆள்காட்டி விரல். அங்கே சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு அரும்பியது.

தம்பி கல்லாவைப் பிடித்துக்கொண்டான்.

படகுக்காரர் கண்ணை மூடியபடியே, ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் ஆவலோடு காத்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். யாரும் பேசாததால் அவரே கேட்டார்.

"ம்... ஆரம்பிக்கலாமே. தொடுங்க டாக்டர்."

டாக்டர் முள்ளைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி சத்தமில்லாமல் அக்காவின் தோளிலிருந்து பையை வாங்கி, ஒரு பாக்கெட்டை எடுத்து, கொக்கியில் மாட்டப்போய், மாட்டத் தெரியாதவன்போல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

புழுக்காரி கல்லாவண்டை வந்தாள். முந்தானையால் அந்தச் சிவப்புப் பொட்டை ஒற்றினாள். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டாள்.

"தொட்டாச்சுங்க" என்றாள். "கண்ணைத் திறங்க."